கைநாட்டுக்கு முன் ஒரு மணி நேரம்

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரின் மொழி தமிழ். ஆகவே, அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம் தமிழில் அச்சிடப்பட்டிருந்தால் போதும் என்று நிர்வாகம் எண்ணக்கூடும். ஆனால் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள இம்மலையின் சிற்றூர் ஒன்றிலிருந்து பெரிய அறுவை சிகிச்சைக்காகச் சமவெளிக்கு இறங்கி வரும் ஒரு பெண்ணுக்கு மொழியைவிடப் பெரிய தடை உண்டு: மறுத்தால் எங்கே போவது? 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில், பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தாயே சுமந்து நடக்க நேர்ந்ததை நாடறியும். சாலையே இல்லாத இடத்தில் ‘இன்னொரு மருத்துவரைக் கேட்டுவிட்டு வருகிறேன்’ என்று யாரால் சொல்ல முடியும்? மறுக்க வழியற்றவர் இடும் கைநாட்டைச் சட்டம் ஒப்புதல் என்றே பதிவு செய்கிறது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? இதன் அடித்தளம், உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று சமீரா கோலி வழக்கில் அளித்த தீர்ப்பு. வயிற்றினுள் கருவி செலுத்திப் பரிசோதிக்க மட்டுமே ஒப்புக்கொண்ட பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் பெற்றதாக மருத்துவர் வாதிட்டார். வயது வந்த, தெளிந்த மனமுடைய பெண்ணுக்காகத் தாய்கூட ஒப்புதல் தர இயலாது என நீதிமன்றம் கூறியது. இதுவரை நல்ல தீர்ப்பு.

சிக்கல் அதன் மறுபாதியில் இருக்கிறது. நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற வினா எழுந்தபோது, அமெரிக்க நீதிமன்றங்கள் வகுத்த ‘அறிந்து அளிக்கும் ஒப்புதல்’ என்னும் உயர்ந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நாட்டின் நோயாளிகளில் பெரும்பாலோர் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், எழுத்தறிவற்றவர்கள், மருத்துவச் சொற்கள் அவர்களுக்கு விளங்கா என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முக்கியமானது. மருத்துவர்கள் வழக்கமாகக் கூறும் அளவே போதும் என்ற 1957-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அளவுகோல் நிலைத்தது. யாருக்கு விளக்கம் மிகுதியாகத் தேவையோ, அவர்களைக் காட்டியே விளக்கத்தின் அளவு குறைக்கப்பட்டது! தலித்துகளும் பழங்குடியினரும் கல்வியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டதன் விளைவு, அவர்களுடைய உரிமையைச் சுருக்கும் நியாயமாக மாறுகிறது. ஒருநாள் இந்த அளவுகோலைக் கைவிட நேரலாம் என்று அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. அந்த அளவுகோலைப் பெற்றெடுத்த பிரிட்டனோ, நோயாளிக்கு அறிவிக்க வேண்டிய அபாயங்கள் குறித்து 2015-இலேயே மாண்ட்கோமரி வழக்கில் அதைக் கைவிட்டுவிட்டது.

இன்னொரு முரணும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நன்னடத்தை விதிகளில் 7.16-ஆம் பிரிவு, அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் பெறவேண்டியவர்களை வரிசைப்படுத்தும்போது கணவன் அல்லது மனைவியை முதலில் வைத்து, நோயாளியை இறுதியில் வைக்கிறது. கருவுறும் ஆற்றலை இழக்கச் செய்யும் அறுவைக்குக் கணவன், மனைவி இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஒன்றிய அரசே வகுத்த நெறிமுறைகளோ துணைவரின் ஒப்புதல் தேவையில்லை என்கின்றன. இவ்விதிகளுக்கு மாற்றாக 2023-இல் வந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் இது சிறு செய்தியன்று. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) இங்கு மகப்பேறுகளில் 44.9 விழுக்காடு சிசேரியன். மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். பேறுகால வலியின் நடுவே நீட்டப்படும் தாளைப் படிக்கும் நிலையில் எவர்தாம் இருப்பர், படித்தவரேயாயினும்?

பீகாரின் அராரியா மாவட்டத்தில் 2012 ஜனவரி 7 அன்று, ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அதையொட்டி தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று வந்த தீர்ப்பு, நமக்கு உண்மையில் பயன்படும் கருவி. சரிபார்ப்புப் பட்டியல் மாநில மொழியில் இருக்க வேண்டும். விளக்கப்பட்டது, புரிந்துகொள்ளப்பட்டது என ஆலோசகரும் மருத்துவரும் சான்றளிக்க வேண்டும். மனம் மாற விரும்பினால் மாறுவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் அவகாசம் தர வேண்டும். கருத்தடைக்குக் கூறப்பட்ட இந்த ஒரு மணி நேரம், அவசரமில்லாத எல்லா அறுவைகளுக்கும் ஏன் பொருந்தக்கூடாது?

பழங்குடிப் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயிலும் ஜவ்வாது மலைக்கு மற்றோர் எச்சரிக்கையும் தேவை. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகள் மீது நடந்த எச்பிவி தடுப்பூசி ஆய்வில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்பமிட்டிருந்தனர். 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அதனைக் கடுமையாகக் கண்டித்தது.

ஜமுனாமரத்தூர் பகுதியில் பணியாற்றும் தோழர்களும் மாணவர்களும் இரண்டு செயல்களை உடனே தொடங்கலாம். 2016 தீர்ப்பு கூறிய சான்றிதழ்கள் எத்தனை படிவங்களில் நிரப்பப்பட்டுள்ளன என்று மாவட்ட நலப்பணி இணை இயக்குநர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். அறுவை முடிந்து வீடு திரும்பியவர், தம் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது அதே 2002 விதிகளில் உள்ளது. தாம் கைநாட்டிட்ட தாளின் நகலையும் அவற்றோடு சேர்த்துக் கேட்கட்டும்.