சாமியாராகப் போறீங்களா?

மானேஜர் முறைத்தாலே ''சாமியாராப் போயிடறேன்டா'' என்கிற ஆசாமியா நீங்கள்? ஒரு நிமிஷம்!

எகிப்தில் அந்தோணியார் அப்படித்தான் போனார். மூன்றாம் நூற்றாண்டு. சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, பாலைவனத்துப் பாழுங்கோட்டையில் சுமார் 20 வருஷம் தனியாக ஜெபம். நிம்மதியா? ம்ஹூம்... மனசும் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு போனது. சோதனை மேல் சோதனை! ஜெயித்து வெளியே வந்தவர், துக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் சொன்னார்.

நம்ம வள்ளலார் சிதம்பரம் பக்கத்து மருதூர்க்காரர். 1874-ல் மேட்டுக்குப்பத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் 1867-லேயே வடலூரில் ஏழைகளுக்காக அடுப்பை மூட்டிவிட்டார். அது இன்னும் அணையவில்லை.

ஆக, அமைதி என்பது அடுத்தவனிடமிருந்து தப்பிப்பது இல்லை சார். கடலூர் - சிதம்பரம் பஸ்ஸே போதும். பாலைவனத் துறவிகள் மாதிரி ஒரே ஒரு வரி ஜெபத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும், நிற்கிற பெரியவருக்கு ஸீட்டைக் கொடுங்கள்!