மேற்கோள் குறிக்குள் அடங்காத தேள்கொடுக்கு

காமிக்ஸைப் 'படமும் எழுத்தும் கலந்த வடிவம்' என்று வரையறுப்பது வழக்கமாகிவிட்டது. அவ்வரையறைக்குள் திரைப்படச் சுவரொட்டியும் அடங்கும். சொல்லே இல்லாத காமிக்ஸோ வெளியே நிற்கும். இவ்வடிவத்தின் தனித்தன்மை கலவையில் இல்லை. காலத்தை இடமாக மாற்றிக் காட்டுவதில் இருக்கிறது. திரைப்படத்தில் ஒரு காட்சி மறைந்த பிறகே அடுத்தது தோன்றும். காமிக்ஸ் பக்கத்திலோ முன்பு நிகழ்ந்ததும் இனி நிகழவிருப்பதும் ஒருசேரக் கண்முன் கிடக்கின்றன.

ஸ்காட் மெக்லவுட் 1993இல் காமிக்ஸ் வடிவிலேயே எழுதிய 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்', கட்டங்களுக்கு இடையிலான வெற்றிடத்தை இக்கலையின் உயிர்நிலையாகக் கருதுகிறது. ஒரு கட்டத்தில் கோடரி ஓங்கப்படுகிறது. அடுத்ததில் இரவு நகரத்தின் மேல் ஓர் அலறல். வெட்டு வரையப்படவில்லை. வெட்டுபவர் வாசகரே. நம் பல்கலைக்கழக வகுப்புகளில் இக்கருத்து ஏறத்தாழ வேதவாக்கு.

ஆனால் 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா' இந்த வேதத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அம்பேத்கரின் வாழ்வில் தண்ணீரும் தங்குமிடமும் பயணமும் மறுக்கப்பட்ட தருணங்களைச் சொல்லும் நூல் அது. சொற்கள் ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த் ஆகியோருடையவை, ஓவியம் பர்தான் கோண்டு கலைஞர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவருடையது. பாத்திரங்களைப் பெட்டிகளுக்குள் அடைக்க இவ்விருவரும் உடன்படவில்லை. கோண்டு வீடுகளின் சுவரிலும் தரையிலும் இடப்படும் 'திக்னா' கோலங்களைக் கொண்டே பக்கங்களைப் பகுத்தனர். வெற்றுச் சந்து இல்லாத இடத்திலும் வாசகர் காலத்தைக் கடக்கிறார். எனவே திருத்தப்பட வேண்டியது நூலன்று, கோட்பாடு. ஒதுக்கிவைத்தலைப் பற்றிய கதையில் பெட்டியை மறுத்தது வெறும் அலங்காரத் தேர்வு எனக் கொள்வதும் கடினம்.

மொழியியலாளர் வியக்க வேண்டிய இடம் பேச்சுக்குமிழ். பரிவோடு பேசுவோரின் குமிழ்கள் பறவை வடிவில் அமைகின்றன. சாதிய நஞ்சு தோய்ந்த சொற்களின் குமிழுக்குத் தேளின் கொடுக்கு வால். மனத்துள் எழும் எண்ணத்துக்கு ஒரு கண். எழுத்தில் இழந்துபோகும் குரலின் ஏற்ற இறக்கத்தை, பேசுபவரின் நோக்கத்தை, இங்கே கோடு ஏற்கிறது. 'தண்ணீர் இல்லை' என்னும் ஒரே தொடர் பறவைக்குள் இருந்தால் வருத்தம். தேளுக்குள் இருந்தால் தீண்டாமை. அம்பேத்கரின் உரையைக் கேட்க மக்கள் திரண்டிருக்கும் பக்கத்தில் ஒலிபெருக்கிகள் நீர் தெளிக்கும் பூவாளிகளாகின்றன. இதைச் சொல்ல உரைநடைக்கு ஒரு பத்தி வேண்டும். அதன் பிறகும் அது உவமையாகவே எஞ்சும். ஓவியத்தில் அது நிகழ்ச்சி.

இத்தகைய நூல்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பல, குமிழ்க்குள் இருக்கும் சொற்களை மட்டும் பெயர்த்தெடுத்து மேற்கோள் குறிக்குள் இடுகின்றன. அக்கணமே பறவையும் தேளும் ஒன்றாகிவிடுகின்றன. ஓவியர்களின் பெயர் நூல்விவரத்தோடு முடிந்துவிடுகிறது. பகுப்பாய்வு முழுதும் 'ஆசிரியர் கூறுகிறார்' என்றே நடக்கிறது. பழங்குடிக் கலைஞர் இருவர் வரைந்து நிகழ்த்திய வாதத்தைப் படவிளக்கமாகச் சுருக்குவது முறையியல் பிழை மட்டுமன்று. எழுதுபவரே சிந்திப்பவர், வரைபவர் கைவினைஞர் என்னும் பழைய படிநிலை அதில் ஒளிந்திருக்கிறது. (காட்சிக்கலைத் துறைகளும் இதில் மேலல்ல, அவை கோண்டு ஓவியத்தைக் கண்டு கதையை மறக்கின்றன.)

செய்யக்கூடியது பெரிதன்று. மேற்கோள் காட்டும்போது குமிழின் வடிவத்தையும் பக்கத்தில் அதன் இடத்தையும் குறிப்பிடலாம். வாதத்துக்குத் தேவையான பக்கத்தை உரிய அனுமதியோடு முழுமையாக அச்சிடலாம். வாய்மொழித் தேர்வில் நெறியாளர் ஒருவரேனும் கேட்கலாம்: இந்தச் சொல்லுக்கு எந்த வால்?