குத்து யாருடையது, கேமரா யாருடையது?

குத்துச்சண்டைப் படம் பார்த்துவிட்டு வருகிறவனிடம் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி, 'கடைசியில யாரு ஜெயிச்சா?' என்பதுதான். நான் வேறு மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன். அடி வாங்குகிற உடம்பு யாருடையது? வசூலை எண்ணுகிற கை யாருடையது? இது இரண்டையும் படம்பிடிக்கிற கேமரா யாருடையது?

விடுதி மாணவர்கள் சிலர், 'திரையிடலுக்கு நல்ல சண்டைப் படமா நாலு சொல்லுங்க தோழர்' என்று கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வெறும் பெயர்ப் பட்டியல் கொடுப்பது கடைக்காரர் வேலை. எதைப் பார்ப்பது என்பதோடு எப்படிப் பார்ப்பது என்பதையும் பேசித்தான் ஆகவேண்டும். ஏனென்றால், ஒடுக்கப்பட்டவனின் உடல் வலிமையைப் போற்றிக்கொண்டே அவனுடைய மூளையை மறைத்துவிடுகிற வித்தையை இந்த வகைப் படங்கள் போல வேறெதுவும் செய்ததில்லை.

முதலில் ஒரு வரலாறு. சினிமாவும் குத்துச்சண்டையும் ஒட்டிப் பிறந்தவை. 1897இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கார்பெட்டும் ஃபிட்ஸிம்மன்ஸும் மோதிய சண்டையை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் படமாக எடுத்தார்கள். உலகத்தின் முதல் முழுநீளப் படம் அதுதான் என்று சினிமா வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். இருவரும் வெள்ளையர்கள். அதுவரைக்கும் கேமராவுக்கு ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் 1908 டிசம்பர் 26ஆம் தேதி சிட்னியில் வந்தது. ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர், அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோரின் மகன், உலக ஹெவிவெயிட் சாம்பியன் டாமி பர்ன்ஸை எதிர்த்துக் களமிறங்கினார். தோற்கப்போகிற பர்ன்ஸுக்குக் கூலி 30,000 டாலர். ஜெயிக்கப்போகிற ஜான்சனுக்கு 5,000 டாலர்! பதினான்காவது ரவுண்டில் பர்ன்ஸ் தள்ளாடியபோது போலீஸ் சண்டையை நிறுத்தியது. கேமராவையும் நிறுத்தச் சொன்னது. ஒரு வெள்ளைச் சாம்பியன் கறுப்பன் கையால் சாய்வதை உலகம் பார்த்துவிடக் கூடாதாம். பட்டத்தைக் கொடுத்தார்கள், ஆனால் படத்தைக் கொடுக்கவில்லை. கறுப்பன் மண்ணைக் கவ்வினால் அது காட்சி, வெள்ளையன் கவ்வினால் இருட்டு.

1910 ஜூலை 4ஆம் தேதி ரீனோ நகரில், வெள்ளை இனத்தின் மானத்தைக் காப்பதற்கென்றே ஓய்விலிருந்து இழுத்துக்கொண்டு வரப்பட்ட ஜெஃப்ரீஸையும் ஜான்சன் பதினைந்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். இந்தமுறை கேமரா ஓடிக்கொண்டிருந்தது. விளைவு? அமெரிக்கா முழுக்கக் கறுப்பர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, பலர் கொல்லப்பட்டார்கள். ஊர் ஊராக அந்தப் படத்துக்குத் தடை. 1912இல் அமெரிக்க நாடாளுமன்றம் பரிசுச் சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகவே கூடாதென்று சட்டம் போட்டது. 1940 வரை அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. யோசித்துப் பாருங்கள்: குத்தைத் தடுக்க முடியாதவர்கள் குத்தின் நிழலைத் தடுத்தார்கள். தடுக்கப்பட்ட அதே படத்தை 2005இல் தேசியப் பொக்கிஷம் என்று திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆகவே பட்டியலில் முதலாவது, கென் பர்ன்ஸ் எடுத்த 'அன்ஃபர்கிவபிள் பிளாக்னெஸ்' (2004) என்ற ஆவணப்படம். ஜான்சன் எப்படிச் சண்டை போட்டார் என்பதைக் கவனியுங்கள். முரட்டுத்தனமாகப் பாய்கிற ஆள் இல்லை. எதிராளியின் கையைத் தடுத்து, சிரித்து, பேச்சுக் கொடுத்து, காத்திருந்து அடிக்கிறவர். மூளையால் ஆடியவர். அந்தச் சிரிப்பைத்தான் அவர்களால் மன்னிக்க முடியவில்லை. வெள்ளைப் பெண்களோடு வாழ்ந்ததைக் காரணம் காட்டி 1913இல் தண்டித்தார்கள். 2018இல்தான் மன்னிப்பு வந்தது, அவர் செத்து 72 வருஷம் கழித்து. கூடவே அவருடைய வாழ்க்கையைத் தழுவி வந்த 'தி கிரேட் வைட் ஹோப்' (1970) படத்தையும் பாருங்கள். ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸின் நடிப்புக்காகவே பார்க்கலாம்.

அடுத்து, எல்லோருக்கும் பிடித்த 'ராக்கி' (1976). எனக்கும் அந்தப் படத்தின் வேகம் பிடிக்கும். ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு திருட்டு இருக்கிறது. பிலடெல்பியா நகரத்தில் ஏழை வெள்ளையன் ராக்கி. இறைச்சிக் கூடத்தில் தொங்கும் மாட்டுத் தொடைகளைக் குத்திப் பழகுகிறான். அருங்காட்சியகப் படிக்கட்டுகளில் ஓடி ஏறுகிறான். அதே பிலடெல்பியாவில், இறைச்சிக் கூடத்தில் நிஜமாகவே வேலை பார்த்து, நிஜமாகவே மாட்டிறைச்சியைக் குத்திப் பழகிய ஒருவர் இருந்தார். ஜோ ஃப்ரேஸியர். தெற்குக் கரோலினாவின் வாரக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. 1971 மார்ச் 8ஆம் தேதி முகமது அலியை முதன்முதலாகத் தோற்கடித்தவர். அந்தப் படிக்கட்டு ஓட்டமும் தன்னுடையதுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். படத்தில் அவருக்குக் கிடைத்தது என்ன? சண்டைக்கு முன்னால் களத்தில் ஏறிக் கைகுலுக்கிவிட்டுப் போகிற சில விநாடிகள்.

கதை அதோடு முடியவில்லை. மூன்றாவது 'ராக்கி' படத்துக்காகச் செய்த வெண்கலச் சிலை 1980களின் தொடக்கத்திலேயே அந்த நகரத்துக்குச் சொந்தமாகிவிட்டது. இல்லாத ஒரு வெள்ளைச் சாம்பியனுக்குச் சிலை! இருந்த கறுப்புச் சாம்பியன் ஃப்ரேஸியர் தன்னுடைய பயிற்சிக் கூடத்து மாடி அறையில் காலம் தள்ளி 2011இல் இறந்தார். அவருக்கு அந்த ஊரில் சிலை வந்தது 2015இல். உழைப்பு ஒருத்தனுது, சிலை இன்னொருத்தனுது. நம்ம ஊர் ஆட்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி வெட்டினவன் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?

அதே 2015இல் ரயான் கூக்லர் என்ற கறுப்பு இயக்குநர் 'க்ரீட்' எடுத்தார். ராக்கியோடு மோதிய கறுப்புச் சாம்பியன் அப்போலோ க்ரீடின் மகன் இதில் நாயகன். ராக்கி இங்கே மூலையில் நின்று தண்ணீர் கொடுக்கிற கிழவர். கேமரா கைமாறியதும் மையமும் இடம் மாறிவிட்டது பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துத் திரையிட வேண்டும்.

முகமது அலியைப் பற்றிப் பல படங்கள் உண்டு. நான் சொல்வது லியோன் காஸ்ட்டின் 'வென் வீ வேர் கிங்ஸ்' (1996). 1974 அக்டோபர் 30ஆம் தேதி கின்ஷாசாவில் நடந்த அலி - ஃபோர்மன் சண்டை. படம்பிடித்தது அப்போது, பணச் சிக்கல்களால் வெளிவந்தது 22 வருஷம் கழித்து. வியட்நாமுக்குப் போய்ச் சுட மாட்டேன் என்று 1967இல் மறுத்ததற்காகப் பட்டம் பிடுங்கப்பட்ட அலி, கயிற்றில் சாய்ந்து அடியை வாங்கிக்கொண்டே ஃபோர்மனைக் களைக்க வைத்து எட்டாவது ரவுண்டில் வீழ்த்துகிறார். இதுவும் மூளையின் வெற்றிதான். ஆனால் படம் இன்னொன்றையும் காட்டுகிறது. ஆளுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தது மொபுட்டுவின் சர்வாதிகார அரசு. அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காகச் சண்டை விடியற்காலை நாலு மணிக்கு நடந்தது. தெருவில் அலியின் பெயரைச் சொல்லிக் கத்திய ஆப்பிரிக்க மக்களின் பணம்தானே அது? இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. அந்த இரவை நமக்கு விளக்கிச் சொல்லும் வேலையில் பெரும்பகுதி நார்மன் மெய்லர், ஜார்ஜ் பிளிம்ப்டன் என்ற இரண்டு வெள்ளை எழுத்தாளர்களுக்கே போயிருக்கிறது.

வசூல் பற்றி ஒரே ஒரு படம் பார்ப்பதென்றால் 'தி ஹார்டர் தே ஃபால்' (1956). ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த கடைசிப் படம். சண்டையே தெரியாத ஓர் அப்பாவி ராட்சத உடம்பனைத் தென்னமெரிக்காவிலிருந்து கூட்டிவந்து, எதிராளிகளுக்குக் காசு கொடுத்துத் தோற்க வைத்து, சாம்பியன் போட்டி வரை ஏற்றிவிட்டு, அங்கே தாடை உடைய அடிவாங்க விடுகிறார்கள். கணக்குப் பார்த்தால், கமிஷன், செலவு, அது இது எல்லாம் கழித்து அவன் பங்கு 49 டாலர் 7 சென்ட்! அந்தக் கணக்குப் புத்தகக் காட்சியைக் கூலிச் சங்கத் தோழர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கிச் சூளையில் மாட்டிக்கொண்ட குடும்பத்திடம் சீசன் முடிவில் படிக்கிற கணக்கு இதே கணக்குதான்.

மல்யுத்தத்துக்கு 'ஃபாக்ஸ்கேட்சர்' (2014). வெடிமருந்து வியாபாரத்தில் தொடங்கிய டூபாண்ட் குடும்பத்து வாரிசு ஒருவர், ஒலிம்பிக் மல்யுத்த வீரர்களைத் தன் பண்ணையில் குடிவைத்து 'வளர்க்கிறார்'. 1996 ஜனவரியில் அவர்களில் ஒருவரான டேவ் ஷுல்ட்ஸைச் சுட்டுக் கொன்றார். நடந்த கதை. பண்ணையார் விளையாட்டை வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

பெண்கள் பக்கம் வருவோம். 'மில்லியன் டாலர் பேபி' (2004) கண்ணீர் வரவழைக்கிற படம். நான் பார்க்கச் சொல்வது அதில் மார்கன் ஃப்ரீமனை. கடைசிச் சண்டையில் ஒரு கண்ணை இழந்து, அதே கூடத்தைப் பெருக்கித் துடைத்துக்கொண்டு அங்கேயே படுத்துக்கிடக்கும் கறுப்புக் கிழவர். கதையைச் சொல்கிற குரல் அவருடையது, ஆனால் கதை அவருடையது இல்லை! இதைவிட எனக்கு நெருக்கமானது காரின் குசாமா என்ற பெண் எடுத்த 'கேர்ள்ஃபைட்' (2000). ஏழை லத்தீன் குடும்பத்துப் பெண். அப்பன் மகனுக்குத்தான் பயிற்சிக்குக் காசு கொடுக்கிறான். அந்த மகனுக்கோ படம் வரைவதில்தான் ஆசை. கடைசியில் அவள் களத்தில் காதலனையே எதிர்கொள்கிறாள். யாரும் வந்து அவளைத் தூக்கிவிடவில்லை.

நம் பக்கத்தில் 'இறுதிச்சுற்று' (2016) மீன் விற்கிற வடசென்னைப் பெண்ணை நாயகியாக்கியது. நடித்த ரித்திகா சிங் நிஜமாகவே சண்டை தெரிந்தவர் என்பதால் குத்து குத்தாகவே விழுகிறது. ஆனால் அவளைக் 'கண்டுபிடிக்க' வெளியிலிருந்து ஒரு கோச் வந்தாக வேண்டியிருக்கிறது. இந்தி 'மேரி கோம்' (2014) நிலை இன்னும் மோசம். மணிப்பூரின் கோம் பழங்குடிப் பெண்ணாக நடிக்க ஒரு மணிப்பூர்ப் பெண் அகப்படவில்லையாம். பிரியங்கா சோப்ரா நடித்தார். இந்திப் படங்களுக்கு ஆயுதக் குழு விதித்திருந்த தடையால், மேரி கோமின் சொந்த மாநிலத்தில் அந்தப் படம் வெளியாகவும் இல்லை. வாழ்க்கை அவர்களுடையது, முகமும் காட்சியும் இன்னொருத்தருக்கு.

சாதியை வெளிப்படையாகப் பேசிய இந்திப் படம் அனுராக் காஷ்யப்பின் 'முக்காபாஸ்' (2018). ஒரு பயிற்சியாளரிடம் மரியாதை கொடுப்பதற்கு முன் சாதியைக் கேட்கிறார்கள். ரவி கிஷன் அந்தத் தலித் பயிற்சியாளராக நிமிர்ந்து நிற்கிறார். கதைதான் அவரைத் துணைப்பாத்திரமாகவே நிறுத்திவிட்டது. தமிழில் 'பூலோகம்' (2015), வடசென்னைப் பகையைத் தொலைக்காட்சி முதலாளி எப்படி விளம்பரக் காசாக்குகிறான் என்று காட்டியது.

பிறகு 'சார்பட்டா பரம்பரை' (2021). பா. ரஞ்சித்தின் இந்தப் படத்தைப் பாராட்டி நிறைய எழுதியாகிவிட்டது. நான் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன்: பரம்பரை. ஊரில் பரம்பரை என்றால் ரத்தம், சொத்து, சாதி. வடசென்னைக் குத்துச்சண்டையில் பரம்பரை என்றால் வாத்தியார் வழி. யாரிடம் கற்றாயோ அதுதான் உன் குலம். பிறப்பால் வருவதற்கு எதிராகத் திறமையால் வருவது. அதனால்தான் ரங்கன் வாத்தியார் தன் சொந்த மகனை விட்டுவிட்டுத் துறைமுகக் கூலி கபிலனைக் களத்தில் இறக்க முடிகிறது. அங்கேயும் சாதி விடவில்லை. 'இவனா நம்ம மானத்தைக் காப்பாத்தப் போறான்?' என்கிற குசும்பு பரம்பரைக்குள்ளேயே கிளம்புகிறது. ஜெயிக்கப்போகிற நேரத்தில் கலவரத்தைக் கிளப்பி, கபிலனின் துணியை உருவுகிறார்கள். தோற்கடிக்க முடியாதவனை அம்மணமாக்குவது. சிட்னியில் கேமராவை அணைத்த புத்தியும் இதுவும் ஒன்றுதான். ஒரு வேறுபாடு உண்டு. இங்கே கேமரா அணையவில்லை, நம் கையில் இருந்தது. அந்த அவமானத்தையும் அதற்குப் பிறகு கபிலன் சாராயத்தில் விழுவதையும் எழுந்து வருவதையும் அது முழுசாகப் பார்த்தது. வீட்டில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கிறது, அதற்கு வசன விளக்கம் ஏதுமில்லை.

ஒரு நியாயமான கேள்வி வரும். ஏழையும் ஏழையும் மோதி மூக்கை உடைத்துக்கொள்வதை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? கொண்டாடச் சொல்லவில்லை. அலியையே கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் நடுங்க வைத்தது. அவர் வாங்கிய அடிகளுக்கு அதில் பங்கு உண்டென்று பலரும் நம்புகிறார்கள். அந்த விலையை மறைக்கிற படம் பொய்ப் படம். ஆனால் திருப்பி அடிக்கவே கூடாதென்று விதிக்கப்பட்ட உடல்கள், சம எடை, சம நேரம், ஒரே விதி என்ற ஒரு சதுரத்துக்குள் நிற்பதன் அரசியலை அகிம்சை உபதேசத்தால் தள்ளிவிட முடியாது. வெளியே ஊரில் அந்தச் சம விதி எங்கே இருக்கிறது? சேரிப் பையன் கை ஓங்கினால் அது கலவரம், ஊர்க்காரன் ஓங்கினால் அது வழக்கம்.

திரையிடும்போது ஒன்று செய்யுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, யார் ஜெயித்தது என்று யாரையும் பேச விடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பேசச் சொல்லுங்கள். பெண்கள் முதலில் பேசட்டும். பேசி முடித்த கையோடு, பக்கத்துத் தெருவில் கையுறை மாட்டிப் பழகுகிற பிள்ளைகளிடம் ஒரு கேமராவைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கையடக்கப் போன் இருந்தால்கூடப் போதும். அவர்கள் வாத்தியாரை அவர்களே படம்பிடிக்கட்டும்.