எதுக்கு சார் இந்த நடை?

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம். காஞ்சிபுரத்தில் நிதி திரட்டும் நடை ஒன்றுக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றதும் நண்பர்கள் கேட்டது: 'உனக்கு ஏம்ப்பா இந்த வேண்டாத வேலை?' அடுத்த கேள்வி குரலைத் தாழ்த்தி வந்தது: 'உங்க குடும்பத்துல யாருக்காவது...?'

நான் நடப்பதற்கு முதல் காரணமே அந்த இரண்டாவது கேள்விதான். கேன்சருக்காக நடந்தால் யாரும் இப்படி விசாரிப்பதில்லை. எய்ட்ஸ் என்றால் மட்டும் நடப்பவனின் நடத்தையையும் சேர்த்து ஆடிட் செய்கிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். கணக்காகவே பேசலாம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம்ம சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் அது தெரிந்தது. அன்று மருந்தே இல்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தர ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரமும் ஒன்று. இன்று ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம்கூட அடுத்தவருக்குத் தொற்றாது. விஞ்ஞானம் தன் கணக்கை நேர் செய்துவிட்டது. பாக்கி வைத்திருப்பது நாம்தான்.

'தப்பு பண்ணினவங்க அனுபவிக்கிறாங்க' என்பார்கள். 2018-ல் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தத்தை ஏற்றினார்களே, அவர் என்ன தப்பு செய்தார்? 'சரி, அந்தம்மா பாவம். மத்தவங்க?' மற்றவர்களும்தான். குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவரிடம் கேரக்டர் சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டா வைத்தியம் பார்க்கிறோம்?

காஞ்சிபுரத்தை ஒட்டியே இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். பழைய ஜினகாஞ்சி. அங்கே மகாவீரர் கோயில் கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்தச் சமணம் சொல்லும் தானங்கள் நான்கு: உணவு, மருந்து, கல்வி, அபயம். மருந்தை அரசு கொடுக்கிறது. அபயம், அதாவது 'பயப்படாதே' என்கிற உறுதியை, அக்கம்பக்கத்தில் இருக்கிற நாம்தான் கொடுக்க வேண்டும்.

'நடந்தா வைரஸ் செத்துடுமா?' சாகாது. 1985-ல் லாஸ் ஏஞ்சலிஸில் முதல் எய்ட்ஸ் நடை நடந்தபோதும் சாகவில்லை. நோயாளிகளைக் கவனிக்கப் பணம் சேர்ந்தது. இங்கேயும் அதுதான் தேவை. மருந்து இலவசம், சரி. மருந்து வாங்கப் போகிற நாளில் நெசவாளிக்குத் தறி ஓடாது, கூலி கிடையாது. பஸ் செலவு வேறு. நாம் திரட்டுகிற பணம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

தொப்பி, பேனர், போட்டோவோடு முடிந்தால் இந்த நடை தண்டம். 2017-ல் இயற்றிய எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. வேலை, பள்ளி, சிகிச்சை, வாடகை வீடு எதிலும் இந்தத் தொற்றைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது. 100 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களில் புகார் அதிகாரி இருக்க வேண்டும். நடந்து வந்த கால்வலி போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஆபீசில் அந்த அதிகாரி யார் என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். 'யாருமில்லையே' என்று பதில் வந்தால், எப்போது போடுவீர்கள் என்று எழுதியே கேளுங்கள்.