விமானியின் தகுதியும் துயிலும்

2010 மே 22ஆம் நாள் வைகறையில், துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூர் ஓடுதளத்தைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து எரிந்தது. மாண்டோர் 158 பேர், பிழைத்தோர் எண்மரே. வளைகுடாவில் உழைத்து ஊர் திரும்பியோர் அவருள் பலர்.

தலைமை விமானி பதினாயிரம் மணி நேரத்திற்கும் மேல் பறந்த அனுபவசாலி. எனினும் விமானி அறை ஒலிப்பதிவில் விசாரணைக் குழுவினர் கேட்டது யாது? ஏறத்தாழ ஒரு மணி நாற்பது நிமிடம் அவர் உறங்கிய குறட்டையொலி! விழித்த பின்னும் துயில்மயக்கம் அவர் முடிவுகளைப் பாதித்திருக்கலாம் என்றது அறிக்கை. விமானம் உரிய அளவினும் மிக்க உயரத்தில் வந்தது. தரையிறங்காது மேலெழுமாறு துணை விமானி மும்முறை கூறியும் அவர் செவிமடுத்திலர்.

மாண்டவர்மேல் பழி சுமத்திக் கோப்பை மூடுவது எளிது. ஆனால் முன்னிரவில் மங்களூரிலிருந்து சென்ற குழுவே அவ்விரவிலேயே திரும்பியது என்பதை எண்ணுதல் வேண்டும். விடியவிடியப் படித்துவந்து வினாவையே மாற்றிப் படிக்கும் நன்மாணாக்கரை நாம் தேர்வுக் கூடத்தில் காண்கிறோம் அல்லவா? மணிக்கணக்கு ஏட்டில் சரியாயிருப்பினும் உடல் துயில் கேட்கும் வேளை ஏட்டில் ஏறுவதில்லை. ஆதலின் பணி அட்டவணை வகுத்தோரையும் விசாரணை வினவ வேண்டும் என்பது நம் துணிபு.

2024இல் வெளிவந்த இந்திய விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. இரவுத் தரையிறக்கங்களையும் குறைத்தன. 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பயணங்கள் நின்றுபோனபோது, அவ்விரவு விதிகளும் தளர்த்தப்பட்டன.