சுத்தியலைத் தேடப் போய்...

வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால், தேடும்போது அதைத் தவிர மற்றெல்லாம் அகப்படும் என்பது நமது நெடுநாளைய அநுபவம். சென்ற வாரம் நம் குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒன்று கொல்லையில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. கிணற்றடி, துளசி மாடம், வாழைப் பாத்தி ஒன்றையும் விடாமல் கிளறிப் பார்த்தோம். ஒரு துருப்பிடித்த பூட்டும், நாம் முன்னொரு காலத்தில் தொலைத்த பேனா மூடியும் கிடைத்தன. கொலுசு கிடைக்கவில்லை. "பி.ஏ. படித்தவர்கள் தேடினால் இப்படித்தான்" என்று வீட்டில் ஓர் அபிப்பிராயமும் கிடைத்தது.

அப்போது, இங்கிலாந்தில் சுத்தியலைத் தேடப் போன ஒருவரின் ஞாபகம் நமக்கு வந்தது.

ஸஃபோக் ஜில்லாவில் ஹாக்ஸன் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு குடியானவர் தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அவருடைய சிநேகிதர், தோட்டவேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிகளில் நடப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. 1992 நவம்பர் 16-ந் தேதி சுத்தியலைத் தேடித் தரப் புறப்பட்டார்.

இந்தக் கருவியில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு கழியின் நுனியில் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறுமின்சாரம் பாயும்போது சுற்றிலும் காந்த சக்தி பரவுகிறது. மண்ணுக்குள் உலோகம் கிடந்தால், அதிலும் சிறு மின்னோட்டம் பிறந்து, பதிலுக்குத் தன் காந்த சக்தியை மேலே அனுப்புகிறது. அந்தப் பதிலைத்தான் கருவி நம் காதில் ஒலியாகச் சொல்கிறது. உலோகங்களுக்குள் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஆதலால் அதன் குரல் கணீரென்று கேட்கும். ஆனால் தகரமும் பாட்டில் மூடியுங்கூடக் கூவி ஏமாற்றும். பொறுமையில்லாதவர்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கு அல்ல இது.

அன்று குரல் கேட்ட இடத்தில் தோண்டினார். வெளிவந்தது சுத்தியல் அல்ல. வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், காசுகள்! சிலவற்றை எடுத்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். தோண்டுவதை நிறுத்தினார், அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லி அனுப்பினார்.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். காலடியில் பொன்னும் வெள்ளியும் மின்னும்போது மண்வெட்டியைக் கீழே வைக்க எத்தனை பேரால் முடியும்? நம்மால் முடிந்திருக்குமா என்று நம்மையே கேட்டுக்கொண்டோம். பதில் அவ்வளவு திருப்திகரமாக இல்லை.

மறுநாள் புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் வந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் முறையாக எடுத்தார்கள். சுமார் 15,000 காசுகள். அவற்றில் 14,000-க்கு மேல் வெள்ளி. எல்லாம் ரோமானியர் காலத்தவை. அவர் கைவைக்காமல் விட்டதனால்தான், பொருள்கள் இருந்த நிலையை அவர்கள் காண முடிந்தது. மரப்பெட்டி மக்கிப்போயிருந்தது, ஆனால் உள்ளிருந்த சிறு பெட்டிகளின் கீல்களும் சின்னஞ்சிறு வெள்ளிப் பூட்டுகளும், எதை எதற்குள் வைத்தார்கள் என்று சாட்சி சொல்லின. அள்ளிக்கொண்டு போயிருந்தால் வெள்ளி மிஞ்சியிருக்கும், கதை அழிந்திருக்கும்.

காசுகளில் கடைசியானவை கி.பி. 407-408-ல் அடிக்கப்பட்டவை. ரோமானிய ஆட்சி பிரிட்டனில் அஸ்தமித்துக்கொண்டிருந்த சமயம். யாரோ ஒரு செல்வர் குடும்பம், திரும்பி வருவோம் என்று நம்பித்தான் புதைத்திருக்க வேண்டும். வரவில்லை. வெள்ளிக் காசுகள் பலவற்றில் ஓரம் நறுக்கப்பட்டிருக்கிறது. அரசாங்கம் தள்ளாடும்போது கத்தரிக்கோல் சுறுசுறுப்படையும் போலும்!

நமக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு வெள்ளிப் பதுமை. உள்ளே கூடாக உள்ள ஸ்திரீ உருவம். அடித்தட்டைத் திருப்பினால் ஒரு நிலையில் மூடிக்கொள்ளும். ஒரு நிலையில் உள்ளே நிரப்பலாம். இன்னொரு நிலையில் துவாரங்கள் வழியே தூவலாம். எதைத் தூவ? மிளகுப் பொடியை! மிளகு விளைந்தது நமது மேற்குக் கடற்கரை மலைகளில். முசிறித் துறைக்கு யவனர் மரக்கலங்கள் வந்ததைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கேட்பாரற்றுக் கிடக்கும் மிளகுக்கு, அங்கே வெள்ளியில் சிம்மாசனம்!

புதையலுக்கு 17½ லட்சம் பவுன் மதிப்பிட்டு, கண்டெடுத்தவருக்கே கொடுத்தார்கள். அவர் அதைக் குடியானவருடன் பங்கிட்டுக்கொண்டார். அப்படிச் செய்யச் சட்டம் அவரை வற்புறுத்தவில்லை. பிற்பாடு 1996-ல் அந்த நாட்டில் புதையலுக்கென்று புதுச் சட்டம் செய்தார்கள். கண்டவர் 14 நாளைக்குள் தெரிவிக்க வேண்டும். நம் தேசத்திலோ 1878-லேயே சட்டம் வந்தது: பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் அகப்பட்டால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆனால் சட்டம் பார்க்காத வயலில் மனிதனைப் பார்ப்பது மனச்சாட்சி ஒன்றுதான்.

சுத்தியல் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதுவும் அகப்பட்டது. இப்போது பிரிட்டிஷ் மியூஸியத்தைச் சேர்ந்துவிட்டது.

நம் கொலுசு? நேற்று மாலை அடுத்த வீட்டுப் பையன் வந்து, "மாமா, எங்கள் வேலியோரத்தில் இது கிடந்தது, உங்கள் பாப்பாவுடையதா?" என்று நீட்டினான். 17½ லட்சம் பவுன் நம்மிடம் இல்லை. இரண்டு கமலாப் பழம் கொடுத்தோம். ஒன்றை வழியிலேயே தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.