புடிச்சா விடமாட்டா!

செட்டியார்பட்டியில் மகள் வீட்டுக்குள் நுழைந்ததுமே என் மூக்குக்கண்ணாடி பறிபோனது. பறித்தவளுக்கு வயது 5 மாதம். என் பேத்தி.

"புடிச்சா விடமாட்டா, அப்படியே தாத்தா மாதிரி" என்றார் சம்பந்தியம்மா. எந்தத் தாத்தா என்று நான் கேட்கவில்லை.

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 'என்னா பாசம்!' என்று நாம் உருகுவோம். பாசமில்லை சார், வெறும் அனிச்சைச் செயல். 1891-ல் லூயிஸ் ராபின்சன் என்ற ஆங்கிலேய டாக்டர், ஒரு மாதம்கூட ஆகாத 60 சொச்சம் குழந்தைகளை ஒரு குச்சியில் தொங்கவிட்டுப் பார்த்தார். அநேகமாக எல்லாமே 10 செகண்டாவது தொங்கின. (வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம், ப்ளீஸ்!)

இந்தப் பிடி சில மாதங்களில் மறைந்துவிடும். நாலைந்து மாதத்தில், வேண்டியதைப் பார்த்து எட்டிப் பிடிக்கிற நிஜப் பிடி வரும். தன் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகுகிறது என்றே ரொம்ப நாள் நினைத்தார்கள். 1993-ல் ரேச்சல் கிளிஃப்டன் குழுவினர் கும்மிருட்டில் ஒளிரும் பொருளைக் காட்டினார்கள். சொந்தக் கையே தெரியாத இருட்டிலும் குழந்தைகள் அதை எட்டித் தொட்டன!

6 மாதமாகியும் எதையும் எட்டிப் பிடிக்காவிட்டாலோ, ஒரு வயதுக்குள் எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டினாலோ, டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மறுபடி போனபோது பேத்திக்கு 9 மாதம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பொடிப் பொருளைப் பொறுக்குகிற வயசு. செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் வீட்டுக்கு வீடு நைட்டி தைப்பார்கள். மிஷினடியில் கிடந்த பட்டன் ஒன்று அவள் விரலிடுக்கில், வாய்க்கு ஒரு அங்குலத்தில்!

"ஏய், போடுறீ கீழே!" என்று அலறினாள் மகள். போடவில்லை. போடத் தெரியாது. பிடிக்கத்தான் பிறவியிலேயே வரும்; நினைத்தபோது விரலைத் திறந்து விடுவதற்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

நான் கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன். இரண்டு கையாலும் பாய்ந்தாள். பட்டன் தரையில் விழுந்தது.

அன்றைக்கே பட்டன், ஊசி, ஹூக் எல்லாம் மூடி போட்ட டப்பாவில் பரண் ஏறின.

கண்ணாடி? புடிச்சா விடமாட்டாளே! இந்தப் பக்கத்தில் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.